கேரி இன்னும் அந்தரத்தில்தான் மிதக்கிறான்: ‘ஃபைனல் ஸ்பேஸ்’ தொடரை எப்படி முடித்துவைக்கலாம்?

விண்ணோடி எழுதியது:

இந்த இழையில் கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் பேச இயலாது. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓலன் ரோஜர்ஸ், டேவிட் சாக்ஸ் இருவரும் உருவாக்கிய ‘ஃபைனல் ஸ்பேஸ்’ என்ற விண்வெளி அனிமேஷன் தொடர் 2018 பிப்ரவரியில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. இரண்டாம் சீசனில் அடல்ட் ஸ்விம் அலைவரிசைக்குப் போனது. 2021 ஜூனில் மூன்றாம் சீசனோடு நின்றுபோனது. மொத்தம் 36 அத்தியாயங்கள். நான்காம் சீசன் வராது என்பதை அந்தச் செப்டம்பரில் ரோஜர்ஸே அறிவித்தார். கடைசி அத்தியாயத்தில், மூன்று சீசன்களாகத் தான் துரத்திக்கொண்டிருந்த டைட்டன் என்னும் பேருருவத்தை வில்லன் லார்டு கமாண்டர் அடைந்துவிடுகிறான். நாயகன் கேரியின் கூட்டத்துக்கு எதிரே பகை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெரிதாக எழுந்து நிற்கிறது. அந்த இடத்தில் கதை அறுபட்டுப் போனது.

முதல் சீசனின் ஒவ்வொரு அத்தியாயமும் எப்படித் தொடங்கும் என்பது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உடைந்த கப்பல்களின் சிதைவுகளுக்கு நடுவே விண்வெளி உடையோடு கேரி தனியாக மிதந்துகொண்டிருப்பான். மூச்சுக்காற்று இன்னும் எத்தனை நிமிடத்துக்கு மிச்சம் இருக்கிறது என்று கணினி ஹியூ எந்தப் பதற்றமும் இல்லாத குரலில் சொல்லும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். சாகப்போகும் ஒருவன் கணினியோடு வெட்டிப்பேச்சுப் பேசுவதைக் கேட்டு நாம் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்பதை அறிய அடுத்த அத்தியாயத்துக்குப் போனோம். ஒருவனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ‘காத்திருங்கள், விடை உண்டு’ என்று சொல்வதுதான் இந்தத் தொடரின் அடிப்படைக் கட்டுமானம். அந்த வாக்கை நம்பித்தான் மூன்று சீசன்கள் பார்த்தோம். ஆகவே இதன் முடிவு அறுபட்டு நிற்பது, வேறொரு தொடர் பாதியில் நின்றுபோவதைவிட எனக்கு அதிகம் வலிக்கிறது.

நான் முன்வைக்க விரும்புவது இதுதான். இந்தத் தொடரை மீட்பதென்றால் அது இன்னும் மூன்று சீசன்களுக்கான வாசலாக இருக்கக் கூடாது. ஒரே ஒரு முழுநீளப் படம், அல்லது அதற்கு நிகரான சில அத்தியாயங்கள் போதும். அது மூன்றாம் சீசன் நின்ற நொடிக்கு அடுத்த நொடியில் தொடங்க வேண்டும். அதே குரல்கள் ஒலிக்க வேண்டும். முடிவில் எந்தக் கேள்வியும் அடுத்த சீசனுக்கென்று ஒத்திவைக்கப்படக் கூடாது. மறுப்பவர்கள் இருந்தால் கேட்க விரும்புகிறேன்.

கயல் எழுதியது:

விண்ணோடி அவர்களே, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கதை முடிக்கப்படவே இல்லை என்று நீங்கள் எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. உரிமையாளரிடம் அனுமதி பெற்று, கதையின் முடிவை ஒரு படக்கதைப் புத்தகமாகக் கொண்டுவரப்போவதாக 2023 ஆம் ஆண்டிலேயே ரோஜர்ஸ் அறிவித்தார். தன் படைப்பு தன் கையை விட்டுப் போன பிறகும், ரசிகர்களுக்கு அவர் பட்ட கடனை அடைக்க எடுத்துக்கொண்ட முயற்சி அது. எழுதியவரே முடிவைத் தந்துவிட்ட பிறகு, அதை மீண்டும் திரையில் பார்த்தால்தான் முடிந்ததாகக் கொள்வேன் என்பது அந்தப் புத்தகத்தை இரண்டாம் தரமாக்குவது ஆகாதா?

விண்ணோடி எழுதியது:

கயல் அவர்களே, அந்தப் புத்தகத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்த முயற்சி மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதைக்கு எந்த வடிவிலும் முடிவு கிடைத்திருக்காது. என்றாலும், இந்தத் தொடரின் உயிர் பாதிக்கு மேல் குரலில் இருக்கிறது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். கேரியின் குரலும் மூன்கேக்கின் குரலும் ரோஜர்ஸின் தொண்டையிலிருந்தே வருபவை. பேசத் தெரியாத அந்தச் சின்னஞ்சிறு பச்சை உருண்டை மூன்கேக், ‘சூக்கிட்டி’ என்று எழுப்பும் ஒலி ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரும். பயத்தில் ஒரு மாதிரி, பாசத்தில் ஒரு மாதிரி. அதைப் பேச்சுக்குமிழிக்குள் எழுத்தாக அச்சிடும்போது அந்த வேறுபாட்டை வாசகர்தான் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். டேவிட் டெனன்ட் லார்டு கமாண்டருக்குக் கொடுத்த அந்த நோய்வாய்ப்பட்ட இழுவைக் குரலும் அப்படித்தான். புத்தகம் கதையை முடித்துவைக்கிறது. அந்தக் குரல்கள் இன்னும் முடியாமல் நிற்கின்றன.

கணக்கன் எழுதியது:

கலைப் பக்கத்தை நீங்கள் இருவரும் பேசிவிட்டீர்கள். நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன் என்பதால், இந்தத் தொடர் ஏன் ஓடிடி தளங்களிலிருந்தே மறைந்தது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். மீட்பைப் பற்றிப் பேசும் பலர் இந்தச் சிக்கலை முழுதாக உணராமலேயே மனுப் போடுகிறார்கள்.

ஒரு தொடரைத் தயாரிக்க நிறுவனம் செலவழிக்கும் தொகை அந்த ஆண்டின் செலவாக அப்படியே எழுதப்படுவதில்லை. அது ஒரு சொத்தாகக் கணக்கில் ஏறும். பிறகு ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் கழிக்கப்படும். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே முறைதான். ஒரு கட்டத்தில், ‘இந்தச் சொத்திலிருந்து இனி வருமானம் வராது’ என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டால், மிச்சம் இருக்கும் மதிப்பு முழுவதையும் ஒரே வீச்சில் நட்டக் கணக்கில் எழுதிவிடலாம். அந்த ஆண்டு காட்டவேண்டிய லாபம் குறையும். லாபம் குறைந்தால் வரி குறையும். ஆனால் அப்படி எழுதிவிட்டு, அதே தொடரை வைத்துத் தொடர்ந்து பணம் பார்ப்பது பொருந்தாது. மதிப்பில்லை என்று சொன்ன பொருளை அலமாரியில் வைத்து விற்க முடியாது. ஆகவே அதை அலமாரியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

2022 ஏப்ரலில் வார்னர்மீடியாவும் டிஸ்கவரியும் இணைந்து வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி உருவானது. புதிய நிறுவனம் பெருங்கடனோடு பிறந்தது. அந்த ஆண்டிலேயே பல அனிமேஷன் படைப்புகள் அவர்களது தளத்திலிருந்து நீக்கப்பட்டன. தன் வாழ்வின் ஐந்து ஆண்டுகள் ஒரு வரிக்கழிவாக மாறிவிட்டன என்றும், வெளிநாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் உரிமம் தீர்ந்ததும் தொடர் இல்லாமலே போய்விடும் என்றும் ரோஜர்ஸ் அந்தச் செப்டம்பரில் மனம் நொந்து எழுதியிருந்தார்.

இதிலிருந்து மீட்புக்கு இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, புதிதாக ஒரு படம் எடுத்தாலும் அதற்கு முந்தைய 36 அத்தியாயங்களைச் சட்டப்படி எங்கே பார்ப்பது என்ற கேள்வி எழும்; பழைய கதையைப் பார்க்க வழியில்லாத புதிய பார்வையாளருக்கு முடிவு மட்டும் எப்படிப் புரியும்? மற்றொன்று, நட்டம் என்று எழுதிய சொத்தின் மீது மறுபடியும் முதல் போடச் சொல்லி ஒரு நிறுவனத்தைச் சம்மதிக்க வைப்பது கடினம். உரிமை வேறு கைக்கு மாறினால்தான் கதவு திறக்கும் என்பது என் எண்ணம். அதே நிறுவனம் படக்கதைக்கு அனுமதி தந்தது என்பதைக் கவனியுங்கள். உரிமையை முழுதாகப் பூட்டிவைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஓவியன் எழுதியது:

நான் அனிமேஷன் துறையில் இருக்கிறேன். கணக்கன் அவர்கள் சொன்ன தடையைத் தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்த தடையைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு தொடர் நிற்கும்போது கதையோடு அதைச் செய்துகொண்டிருந்த கூட்டமும் கலைந்துபோகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பாதியில் கைவிடப்பட்டிருந்த ஒரு குழந்தைகள் தொடரின் மிச்ச அத்தியாயங்களைச் செய்யும் வேலை எங்கள் கூடத்துக்கு வந்தது. பழைய நிறுவனம் அனுப்பிய வட்டைச் செருகிக் கதாநாயகியின் கோப்பைத் திறந்தேன். உடல் இருந்தது, தலை இருந்தது, கண்ணின் வெள்ளைப் பகுதி இருந்தது, இமைகள் இல்லை. இமைகள் வேறொரு கோப்பில் இருந்திருக்கின்றன, அந்தக் கோப்பு எங்கே போனது என்று சொல்ல அங்கே யாரும் மிச்சம் இல்லை. வாய் அசைவுகளுக்கென்று ஒன்பது வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. எந்த ஒலிக்கு எந்த வடிவம் என்ற அட்டவணையும் காணவில்லை. பழைய அத்தியாயங்களை நொடிக்கு 24 சட்டங்களாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இமையை நாங்களே மறுபடியும் வரைந்தோம். அவள் கண் சிமிட்டும் வேகம் பழையபடி வருவதற்கு மட்டும் எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. பார்வையாளர் அதைக் கவனித்திருக்க மாட்டார். ஆனால் அது சரியாக வராமல் இருந்திருந்தால், என்னவோ மாறிவிட்டது என்று முதல் காட்சியிலேயே உணர்ந்திருப்பார்.

‘ஃபைனல் ஸ்பேஸ்’ தொடரின் அனிமேஷனைக் கனடாவைச் சேர்ந்த ஜாம் ஃபில்டு நிறுவனம் செய்தது. கதைமாந்தர் இருபரிமாணத்திலும் விண்கப்பல்களும் போர்க்காட்சிகளும் பெரும்பாலும் முப்பரிமாணத்திலுமாக, இரண்டும் ஒட்டுத் தெரியாமல் இழைந்திருக்கும். கோப்புகள் பத்திரமாக இருந்தாலும், அந்த இழைவைச் செய்த கைகளைத் தேடிக் கூட்டிவர வேண்டும். ஆண்டு செல்லச் செல்ல மென்பொருள் மாறும், ஆட்கள் வேறு தொடர்களில் கால் ஊன்றிவிடுவார்கள். ஆகவே விண்ணோடி அவர்களின் ஒரே படம் என்ற யோசனை எனக்குத் தொழில் நோக்கிலும் சரியாகப்படுகிறது. 13 அத்தியாயம் கொண்ட ஒரு சீசனுக்குக் கூட்டத்தைத் திரட்டி ஓராண்டுக்கு மேல் கட்டிவைக்க வேண்டும். 90 நிமிடப் படத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு போதும், வேண்டியவர்களும் மற்ற வேலைகளுக்கிடையே வந்து சேர்வார்கள்.

மாறன் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. ஒரே படத்தோடு எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்பதற்கு எதிரான மிகப் பெரிய சான்று ‘ஃபியூச்சராமா’. அறிவியல் புனைகதை நகைச்சுவை அனிமேஷனில் மீட்பு என்ற பேச்சை எடுத்தால் அதை விட்டுவிட்டுப் பேச இயலாது.

அந்தத் தொடர் 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2003 ஆகஸ்டில் நின்றது. மறு ஒளிபரப்புகளும் டிவிடி விற்பனையும் நன்றாகப் போனதால், 2007 முதல் 2009 வரை நான்கு படங்கள் நேரடியாக டிவிடியில் வந்தன. நான்காவது படத்தின் இறுதியில் கப்பல் ஒரு புழுத்துளைக்குள் பாய்ந்து போகிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லப்படவில்லை. 2010 ஜூனில் காமெடி சென்ட்ரலில் தொடர் மீண்டபோது அந்தப் புழுத்துளையின் மறுமுனையிலிருந்துதான் கதை தொடர்ந்தது. 2013 செப்டம்பரில் அதுவும் நின்றது. 2023 ஜூலையில் ஹூலுவில் மூன்றாம் முறையாக உயிர்பெற்றது.

2013 இன் கடைசி அத்தியாயத்தைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்ல வருகிறேன். காலம் உறைந்துபோகிறது. நாயகன் ஃபிரையும் அவன் காதலி லீலாவும் மட்டும் அசைவற்ற உலகத்தில் நடந்து திரிந்து, ஊரையெல்லாம் பார்த்து, இருவராகவே வாழ்ந்து மூப்படைகிறார்கள். கடைசியில் பேராசிரியர் வந்து, காலத்தைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பலாம், ஆனால் இந்த வாழ்க்கை எதுவும் நினைவிருக்காது என்கிறார். மறுபடியும் ஒரு சுற்று போவோமா என்று ஃபிரை கேட்க, லீலா சம்மதிக்கிறாள். அதோடு தொடர் முடிகிறது. அது ஒரு முழுமையான முடிவு; அதே நேரத்தில், பத்து ஆண்டுகள் கழித்து அந்த நொடியிலிருந்தே கதையைத் தொடரவும் அது இடம் விட்டிருந்தது. எந்த சீசன் கடைசியாகும் என்று தெரியாததால், அந்த எழுத்தாளர்கள் பல சீசன்களின் இறுதி அத்தியாயத்தைத் தொடரின் இறுதி அத்தியாயமாகவே எழுதினார்கள். ‘ஃபைனல் ஸ்பேஸ்’ அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு மீண்டும் சீசன்களாகவே வரலாம் என்பது என் வாதம். ஒரு படத்தோடு கதவைச் சாத்திப் பூட்டுவது ஏன்?

விண்ணோடி எழுதியது:

மாறன் அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய அத்தியாயம் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. ஆனால் இரண்டு தொடர்களின் உடற்கூறும் வேறு. ‘ஃபியூச்சராமா’வில் பெரும்பாலான அத்தியாயங்கள் தனித்தனிக் கதைகள், அதில் வரும் விநியோகக் கம்பெனிக்கு நாளைக்கும் பொட்டலம் வரும், நாளைக்கும் ஒரு கதை பிறக்கும். எங்கே நிறுத்தினாலும் அது நிற்கும், எங்கே தொடங்கினாலும் தொடங்கும். ‘ஃபைனல் ஸ்பேஸ்’ ஒரே நேர்க்கோட்டில் ஓடும் கதை. அது நகைச்சுவையாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஓர் அவலக் காவியமாகக் கனத்துப்போனது. கேரியின் நண்பன் அவகாடோவின் சாவு, கேரி நேசிக்கும் குவின் விண்வெளிப் பிளவுக்குள் போனது, பிறகு அவளைத் தேடிப்போன பயணம் என்று ஒவ்வொரு படியும் அடுத்த படியின் மீது நிற்கிறது. அப்படிப்பட்ட கதையை ஒவ்வோர் ஆண்டும் முடித்து, ஒவ்வோர் ஆண்டும் திறந்தால் அதன் எடை போய்விடும்.

கதவைத் திறந்தே வைத்திருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘இன்சைடு ஜாப்’ தொடருக்கு இரண்டாம் சீசன் உண்டு என்று நெட்ஃபிளிக்ஸ் 2022 இல் அறிவித்தது. முதல் சீசனின் இரண்டாம் பகுதி அந்த நவம்பரில் வெளியாகி, கதை திறந்தபடியே நின்றது. 2023 ஜனவரியில் அறிவிப்பே திரும்பப் பெறப்பட்டது. கையெழுத்தான வாக்குக்கே அந்த நிலை என்றால், இன்னும் கையெழுத்தாகாத சீசன்களை நம்பி எந்தக் கேள்வியை ஒத்திவைப்பது?

செங்கதிர் எழுதியது:

மீட்பு என்றால் எல்லாம் நல்லதாகவே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ‘குளோன் ஹை’ தொடரை நினைவூட்டுகிறேன். வரலாற்றுப் பெரியவர்களின் மரபணுவிலிருந்து உருவான மாணவர்கள் ஒரே பள்ளியில் படிக்கும் கதை அது. 2002 நவம்பரில் கனடாவில் ஒளிபரப்பாகி, 2003 ஜனவரியில் எம்டிவிக்கு வந்தது. காந்தியின் பெயரில் அமைந்த பாத்திரத்தை அவர்கள் சித்திரித்த விதத்தைக் கண்டித்து அந்த மாதமே டெல்லியில் உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. ஒரே சீசனோடு தொடர் கைவிடப்பட்டது. கடைசி அத்தியாயத்தில் மாணவர்கள் எல்லோரும் உறைந்துபோகிறார்கள். அந்தரத்தில் விடுவது என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி இருக்க முடியாது.

2023 மே மாதம் மேக்ஸ் தளத்தில் தொடர் மீண்டது. இருபது ஆண்டு உறைவிலிருந்து மாணவர்களை எழுப்பி, அந்த இடைவெளியையே கதைக்கருவாக்கியது புத்திசாலித்தனமான தொடக்கம். காந்தி பாத்திரத்தை மட்டும் உறைவிலேயே விட்டுவிட்டார்கள். அந்த முடிவை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். மீட்பு என்பது பழையதை அப்படியே நகலெடுப்பதல்ல, பழைய தவறை மறுபடியும் செய்யாமல் இருப்பதும் அதில் அடங்கும். ஆனால் கிளியோபாட்ராவின் குரல் மாறியது. இரண்டு புதிய சீசன்களுக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் தொடர் மறுபடியும் நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு இரண்டாம் இழப்பு. அப்போது மேக்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தத் தளமும் கணக்கன் அவர்கள் குறிப்பிட்ட அதே நிறுவனத்தினுடையதாக இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆகவே என் ஓட்டு விண்ணோடி அவர்களின் பக்கமே.

கயல் எழுதியது:

நான் என் முதல் கருத்திலிருந்து சற்று நகர்ந்திருக்கிறேன். குரலைப் பற்றி விண்ணோடி அவர்கள் எழுதியதை மறுக்க இயலவில்லை. 2022 இல் ‘ஃபியூச்சராமா’ மீட்பு அறிவிக்கப்பட்டபோது, பெண்டருக்குக் குரல் கொடுத்த ஜான் டிமேஜியோ ஒப்பந்தத்தில் இல்லை என்ற செய்தி வந்தவுடன் ரசிகர்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் திரும்பிவந்த பிறகுதான் நானும் நிம்மதி அடைந்தேன். ஓர் எந்திரத்தின் குரலுக்கே அப்படி என்றால், ஸ்டீவன் யூன் குரல் இல்லாத லிட்டில் கேட்டோவை நான் எப்படி ஏற்பேன்?

படம் என்றே வைத்துக்கொள்வோம். 90 நிமிடத்தில் எதை முடிப்பது? எனக்கு லார்டு கமாண்டர் தோற்பதோ தீய சக்தியான இன்விக்டஸ் அழிவதோ முதல் கவலை அல்ல. லிட்டில் கேட்டோவும், செத்து மீண்டுவந்த அவன் தந்தை அவகாடோவும்தான். காலச் சில்லுக்குள் சிக்கி அறுபது ஆண்டுகள் தன்னந்தனியாக வாழ்ந்துவிட்டு, உடல் மட்டும் சிறுவனாகத் திரும்பிய பிள்ளை அவன். அந்த அறுபது ஆண்டும் அவன் மனத்தில் அப்படியே இருக்கிறது. தன்னை வளர்த்த தந்தையே தன்னைப் பெற்றவர்களைக் கொன்றவன் என்பதை மூன்றாம் சீசனில் அறிகிறான். இந்த இரண்டு சுமைகளையும் வைத்துக்கொண்டு, ‘அப்பா’ என்று மறுபடியும் அழைக்க அவனால் முடியுமா, முடியாதா? அதற்குப் பதில் தராத எந்த முடிவும் எனக்கு முடிவே அல்ல.

மாறன் எழுதியது:

அதோடு கேரியின் கூட்டத்தில் இருந்த ஆஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடன்பிறப்பாக அவள் நேசித்த ஃபாக்ஸ், இன்விக்டஸின் பிடியில் சிக்கிய நிலையில் கேரியின் கையால் சாகிறான். அவளைக் காக்கத்தான் கேரி அதைச் செய்தான் என்பது நமக்குத் தெரியும். அவள் கண்ணில் அது கொலை. அவள் பகைவரின் பக்கம் போனதை நான் துரோகமாகப் பார்க்கவில்லை. துக்கத்தோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் யாரும் போதுமான ஆறுதல் சொல்லவில்லை. கேரி அவளிடம் என்ன சொல்வான் என்பதற்குப் போரை விட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

இவ்வளவையும் அடுக்கும்போது என் சீசன் வாதத்துக்கு இன்னும் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். எனினும், கிடைத்தால் படம்தான் கிடைக்கும் என்ற நடைமுறையை ஏற்கிறேன்.

ஓவியன் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் எல்லோரும் துயரத்தையே அடுக்குகிறீர்கள். மூன்றாம் சீசனில் எனக்கிருந்த ஒரே குறை, சிரிப்பு வற்றிப்போனது. மனநலம் காக்கவென்று கூடவே அனுப்பப்பட்டு, இருக்கிற மனநிம்மதியையும் குலைக்கும் கெவின் எந்திரத்தையும், ஒரு குக்கீக்காக ஹியூவிடம் கேரி கெஞ்சுவதையும் வைத்துத்தான் இந்தத் தொடர் நம்மை உள்ளே இழுத்தது. 92 போர்க்கப்பல்களையும் ஒரு குடும்பத்தின் சிறிய உணவகத்தையும் தற்செயலாக அழித்துவிட்டு ஐந்தாண்டுச் சிறைவாசம் பெற்றவன் இந்தக் கதையின் நாயகன். சாவின் விளிம்பிலும் அவன் வாய் மூடாமல் உளறுவதுதான் அவன் வீரம். படம் வந்தால் முதல் இருபது நிமிடத்துக்குள் அந்த உளறல் திரும்பிவர வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் அழுகைக்கு இடம் கிடைக்கும்.

கணக்கன் எழுதியது:

நடைமுறைக்கு வருவோம். ‘இன்வேடர் ஸிம்’ தொடரின் பாதை இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். நிக்கலோடியன் அந்தத் தொடரை 2002 இல் கைவிட்டது. 2015 முதல் அது படக்கதைகளாக வந்தது. 2019 ஆகஸ்டில் ஒரு முழுநீளப் படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது, பழைய முக்கியக் குரல்களோடு. இங்கே உரிமை நிக்கலோடியனிடமே இருந்தது, படத்தை வெளியிட்டது மற்றொரு தளம். உரிமை ஒருவரிடம், வெளியீடு வேறொருவரிடம் என்று பிரிந்து நிற்கும் ஏற்பாடு ‘ஃபைனல் ஸ்பேஸ்’ போன்ற தொடருக்கும் ஏற்றது. படக்கதைக்கு ஆதரவு எவ்வளவு இருந்தது என்பதை எண்ணிக்கையாகக் காட்ட முடிந்தால், அடுத்த மேசையில் உட்காரும்போது அதுவே முதல் ஆவணம். கையெழுத்து மனுவைவிட விற்ற பிரதிகள் உரக்கப் பேசும்.

செங்கதிர் எழுதியது:

விண்ணோடி அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அடுத்த நொடியில் தொடங்க வேண்டும் என்றீர்கள். நடுவில் இத்தனை ஆண்டுகள் போய்விட்டன. பார்ப்பவர் பாதி மறந்திருப்பார். முதல் காட்சி என்னவாக இருக்கும்?

விண்ணோடி எழுதியது:

செங்கதிர் அவர்களே, இதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முன்கதைச் சுருக்கம் எதுவும் வேண்டாம். திரை முழுவதும் இருட்டு. ஒரு மூச்சு இழுக்கும் ஒலி, விடும் ஒலி. பிறகு தூரத்தில் ஒரு புள்ளியாகக் கேரி. சிதைவுகள் மெல்லச் சுழன்றபடி அவனைக் கடந்து போகின்றன. எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று அவன் ஹியூவிடம் கேட்கிறான். ஹியூ, முதல் சீசனில் சொன்ன அதே நிதானத்தோடு, ‘தொண்ணூறு நிமிடம், கேரி’ என்கிறது. படத்தின் நீளமும் அதுவே.